சந்தை நாளில் காய்ச்சல்

அமாங்கா ஊர் மருத்துவ நிலையத்தின் காய்ச்சல் பதிவேடு தலாட்டாவுக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு நாள் பக்கம் நிறையப் பெயர்கள். மூன்றாம் நாள் வெறுமை. மறுபடி இரண்டு நாள், மறுபடி வெறுமை. மழைக்காலம் முழுக்க இதே கதை. மூன்றாம் நாள் சந்தை நாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கொசு சந்தைக்குப் போவதில்லையே.

அவள் மாவட்டச் சுகாதார அதிகாரி. வட கானாவின் தமாலே நகரில் அரசு அதிகாரிகளுக்கு நடந்த பயிற்சியில் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றுதான்: ஒரு சின்னக் கோளாறைப் பிடியுங்கள், ஏன் என்று கேளுங்கள், வந்த பதிலையும் ஏன் என்று கேளுங்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து மட்டும் கேட்காதீர்கள். தலாட்டா அலுவலகத்தில் உட்கார்ந்தே பதில் கண்டுபிடித்தவள். பெண்கள் வியாபாரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று முடிவு கட்டி, போன வாரம்தான் சந்தை நாளில் நர்ஸுக்கு விடுமுறை கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அவளேதான்.

அடுத்த சந்தை நாள் காலை, நர்ஸ் அவின்பாங்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினாள். விடுமுறை போன வருத்தத்தை அவன் வழி முழுக்கப் புலம்பித் தீர்த்தான்.

முதல் வீட்டிலேயே பதில் வாசலில் உட்கார்ந்திருந்தது. அயின்போகா என்ற இளம்பெண். மடியில் இரண்டு வயது மகள், தொட்டால் கை சுட்டது. முதுகில் கட்டும் துணி பக்கத்தில் மடித்தபடி இருந்தது.

ஏன் கிளம்பவில்லை என்று தலாட்டா கேட்டாள்.

"மாமனாரக் கேக்கணும், மேடம். சந்தைக்குப் போயிருக்காரு."

கணவன் தெற்கே குமாசி நகரில் கட்டட வேலையில். நோயாளிக் குழந்தை வாசலைத் தாண்ட வீட்டுப் பெரியவரின் வாய்வார்த்தை வேண்டும். சந்தையில் சோளக் கள் குடித்துப் பேசி முடித்து அவர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் மறுநாள்தான்.

"போன மழைக்கு மூத்தவன் மறுநாள் வரைக்கும் தாங்கல," என்றாள் அயின்போகா, குரலை உயர்த்தாமல்.

குழந்தையைத் தூக்கி வண்டியில் வைக்கத் தலாட்டாவின் கை பரபரத்தது. ஆனால் அதிகாரி தூக்கிக்கொண்டு போனாள் என்ற பேச்சு கிளம்பினால், நாளைக்கு ஒரு வீடும் கதவு திறக்காது. பெரியவருக்கே போன் போட்டாள். கள்ளுக்கடை இரைச்சலுக்கு நடுவே அவர் குசலமெல்லாம் விசாரித்தார்.

"பெரியவரே, ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு இதுவரைக்கும் எத்தன தடவ சொல்லியிருக்கீங்க?"

"ஒரு தடவையும் இல்ல. பேத்தி விஷயத்துல எவனாவது அப்படிச் சொல்லுவானா?"

"அப்ப எதுக்குக் கேக்கணும்?"

"கேக்கணும், அவ்வளவுதான். கேக்காமப் போனா நான் எதுக்கு இந்த வீட்டுக்குப் பெரியவன்? போன்ல கேக்குறதெல்லாம் கணக்கில்ல. வந்ததும் நேர்ல கேக்கட்டும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அயின்போகா எழுந்தாள். மகளை முதுகில் சேர்த்துத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"திட்டுவாருடீ," என்றாள் உள்ளேயிருந்து ஓரகத்தி.

"திட்டட்டும் அக்கா. அதக் கேக்க எம்புள்ள உசுரோட இருக்கும்ல."

தாயும் மகளும் வண்டியில் ஏற, அவின்பாங் மருத்துவ நிலையச் சாவியைத் தலாட்டாவிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தான். மலேரியாதான். முதல் மருந்து உள்ளே போய், மதியத்துக்குள் சூடு இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் அயின்போகா வழக்கப்படி மண்டியிட்டு மாமனாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் குளிக்க வைத்த வெந்நீர் ஆறும்வரை திட்டினார். பிறகு குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டார்.

அடுத்த சந்தை நாளில் தலாட்டா கூட்டத்தைக் கள்ளுக்கடை பெஞ்சிலேயே கூட்டினாள். ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருமே ஒருநாளும் மறுத்ததில்லையாம். அப்படியானால் சாயங்காலம் வந்து சொன்னாலே கேட்ட மாதிரிதானே என்று அவள் விடாமல் வாதாடினாள். நெடுநேர முணுமுணுப்புக்குப் பிறகு தலைகள் ஆடின.

வீட்டுப்பாடத் தாளில் அவள் எழுதிய விடை இவ்வளவுதான்: சந்தை நாளிலும் மருத்துவ நிலையம் திறந்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் முதலில் இங்கே வருவாள். வீட்டுப் பெரியவரிடம் சாயங்காலம் சொல்வாள்.