மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று

கணக்கு டீச்சர் எடுத்துக் கொடுத்த காணொளியைத் தலைமையாசிரியை பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"தப்பு விடைய ஊருக்கே போட்டுக் காட்டச் சொல்றீங்களா?"

பள்ளிகளுக்குப் புதிய கல்வித் தரங்கள் வந்திருந்தன. பிள்ளைகள் விடையை மட்டும் சொன்னால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும், அடுத்தவர் காரணத்தை ஆராயவும் வேண்டும் என்பது கணக்குப் பாடத்துக்கான தரங்களில் முதலாவது. அது வகுப்பில் எப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு காணொளி அனுப்ப வேண்டும். நல்லதை மற்றப் பள்ளிகளுக்கும் போட்டுக் காட்டுவார்களாம். தலைமையாசிரியைக்கு அந்த 'நல்லது' தன் பள்ளியாகத்தான் இருக்க வேண்டும்.

டீச்சர் எடுத்த காணொளியில் நடந்தது இதுதான். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டார். வகுப்பே 'வக்கீல்' என்று கூப்பிடும் ஒரு சிறுமி எழுந்து, நான்கில் ஒரு பங்குதான் என்றாள். சொன்னதோடு விடாமல், சிவப்புக் காகிதப் பட்டையை மூன்றாகவும் நீலப் பட்டையை நான்காகவும் மடித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டினாள். நீலம் நீட்டிக்கொண்டு நின்றது. டீச்சருக்கே ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் சண்டை பிடித்துக்கொண்டது, சந்தைக்கடை தோற்றது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "பட்டை ரெண்டும் ஒரே நீளமா?" என்று கேட்டாள். இல்லை. நீலத்தை வேறு காகிதக் கட்டிலிருந்து நீளமாக வெட்டிவிட்டவர் டீச்சர்தான். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் முழுசு சமமாக இருந்தால்தான் பங்கை ஒப்பிடலாம் என்பதை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தச் சண்டையிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அந்தத் தப்புனாலதான் மேடம் பாடமே நடந்துச்சு," என்றார் டீச்சர்.

"வெள்ளிக்கிழமை கேமராக்காரர் வர்றார். முதல் ரேங்க் பையன் விளக்கட்டும், நான் எழுதித் தர்றேன். பட்டையெல்லாம் சரியா வெட்டி வெக்கச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு அன்னைக்கு லைப்ரரில இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வேலைய நிரந்தரம் பண்றதுக்கு நான்தான் அறிக்கை எழுதணும். ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுக் கல்யாணப் படம் எடுப்பதைப் போலிருந்தது டீச்சருக்கு. வீட்டில் கணவரிடம் சொன்னார். லிப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எதையும் பதறாமல் கேட்பார்.

"நீ சரின்னு தலையாட்டுனாலும் திட்டுவேன், வேலை போனாலும் திட்டுவேன். எந்தத் திட்டு உனக்குப் பரவாயில்லன்னு பாத்துக்க."

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் தலையாட்டத்தான் தயாராகிப் போனார். இரண்டு வருடத் தற்காலிக வேலை, வாடகை வீடு. வீரம் பேசச் சொந்த வீடு வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வழியில் நூலகக் கதவு திறந்திருந்தது. உள்ளே நீள மேசையின் ஓரத்தில் வக்கீல் தனியாக உட்கார்ந்திருந்தாள். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை.

"தப்பு சொன்னா இங்க வந்து உக்காரணுமா டீச்சர்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் இனி எந்த வகுப்பிலும் வாய் திறக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகு பயம் கோபமாக மாறிவிட்டது.

"எழுந்து வா," என்றார்.

முதல் வரிசையில் அவளை உட்கார வைத்தபோது கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற தலைமையாசிரியை கண்ணாலேயே எரித்தார். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பாமல் கேள்வியைக் கேட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு முதல் ரேங்க் பையன் எழுந்து, மூச்சு விடாமல் ஒப்பித்தான். பட்டைகளை மடித்தான். சிவப்பு பெரிதாக இருந்தது. பிள்ளைகள் சொல்லிவைத்த இடத்தில் கைதட்டினார்கள்.

வக்கீல் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் ஒரு தப்பு சொன்னேன்ல? இன்னைக்கு அத யாரு சொல்றது?"

அவள் பையன் கையிலிருந்த பட்டைகளைக் காட்டினாள்.

"பட்டை ரெண்டையும் ஒரே நீளமா வேற வெட்டிட்டாங்க. அப்புறம் எப்படி சண்டை வரும்?"

"கேமராவ நிறுத்துங்க," என்றார் தலைமையாசிரியை.

"ஓடட்டும்ணே," என்றார் டீச்சர். கேமராக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அறிக்கை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். எழுதுங்க. நான் சொன்ன பேச்சு கேக்கலன்னு எழுதுங்க, உண்மதான். இவளை வெளிய உக்கார வெச்சுட்டு 'காரணம் சொல்லச் சொல்லித் தர்றோம்'னு மட்டும் என்னால ஊருக்குச் சொல்ல முடியாது."

வக்கீல் தன் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தாள். மடிப்பு மடிப்பாகக் கசங்கிய அந்த நீளமான நீலப் பட்டை அதற்குள் இருந்தது. டீச்சர் அதை வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு, அவளிடமே கொடுத்தார்.

"சொல்லு. எது பெருசு?"

"நாலுல ஒண்ணு டீச்சர்," என்றாள் அவள், தப்பென்று நன்றாகத் தெரிந்துகொண்டே, நீதிமன்றத்தில் நிற்பவளின் நிமிர்வோடு.

முதல் ரேங்க் பையன் தலைமையாசிரியையைப் பார்த்தான். அவனுக்கு எழுதிக்கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. பிறகு பெஞ்சைத் தாண்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அதெப்படி? குடு, நான் அளக்கறேன்."