ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. தங்கை போனில் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தபோது சுட்டது. "இதை எழுதித் தொலைச்சிடாதக்கா" என்றும் சொன்னாள். அப்படிச் சொன்ன பிறகு எப்படி எழுதாமல் இருப்பது?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அந்த வீட்டில் ஒரு வருடமாக மௌனம் கனத்து'... வேண்டாம். அங்கே வாஷிங் மெஷின் கடகடக்கும், தங்கை கத்துவாள். பாட்டுதான் இல்லை.

தங்கை ஒரு இசைக்குழுவில் பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிட்டார் வாசித்தவள். போன வருடம் ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது. குழுவை விட்டாள், கிட்டாரைப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினாள், வீட்டில் பாட்டே கூடாது என்றாள். அவள் மறுபடி பாட்டுக் கேட்பாளா என்பதுதான் கதை. வேறு எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை.

2

அவள் கணவரை முதலில் சங்கீத ஞானம் உள்ளவராக எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. மனிதர் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுத் தருபவர். நண்பர் கடையிலிருந்து இரண்டு ஜோடி குட்டி ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம். அவற்றை மூலைகளில் திணித்தார், தங்கையை வம்படியாக நாற்காலியில் உட்காரவைத்தார், தொழில் புத்தியோடு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார்.

"ஒண்ணு நல்லாருக்கா... ரெண்டு நல்லாருக்கா?"

"எனக்கு எதுவும் வேணாம்னு சொன்னேன்ல."

"சும்மா சொல்லு. ஒண்ணா... ரெண்டா?"

"ரெண்டும் ஒரே இழவுதான்."

"ஒண்ணுதான் டாப்பு. நெஞ்சுல எப்படி இடிக்குது பாரு!"

(லென்ஸை மாற்றினால் எழுத்து தெளிவாகும். ஸ்பீக்கரை மாற்றினால் அறை மாறாது. இது கட்டுரையாக இருந்திருந்தால் இங்கே ஒரு படம் போட்டிருப்பேன்.)

3

இந்த இடத்தில் 'அவள் கண்களில் நீர் திரண்டு, விரல்கள் தானாக' என்று எழுதி அடித்துவிட்டேன். என் தங்கைக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும். வந்தது.

"அது இடிக்கல, ஊதுது. பின்னாடி ஓட்டை இருக்குல்ல? அதைக் கொண்டுபோய் மூலையில திணிச்சா ஒரு சுரம் மட்டும் வீங்கிக்கிட்டு நிக்கும், மத்ததெல்லாம் காணாமப் போயிடும். தள்ளுங்க."

இரண்டாம் ஜோடியில் ஒன்றைத் தூக்கித் தன் நாற்காலியில் வைத்தாள். பேஸ் மட்டும் நடக்கிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ ஆரம்பித்தாள்.

(அடிநாதம் அறையில் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் வற்றும். நாம் உட்காரும் இடத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டுத் தவழ்ந்து போக வேண்டும். எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிற இடம்தான் ஸ்பீக்கருக்கான இடம். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

சோபாவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், நல்ல காதைச் சாய்த்துச் சாய்த்துப் போனாள். கணவரும் பின்னாலேயே தவழ்ந்தார்.

"நீங்க எதுக்கு வர்றீங்க?"

"துணைக்கு."

ஜன்னலோரம், இஸ்திரி மேசையின் காலருகே அவள் நின்றாள்.

"இங்க." பிறகு மெதுவாக, "எல்லாம் கேக்குதுங்க. பேஸுக்கு ஒரு காது போதும் போலருக்கு."

இந்த வரியை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். மறைப்பானேன்.

4

முடிவுதான் படுத்துகிறது. கிட்டாரை இறக்கி வாசிக்கிறாள் என்று எழுதினேன், அவசரப்பட்டுவிட்டதாகத் தோன்றியது. ஸ்பீக்கர்களைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள் என்று எழுதினேன், மனசு வரவில்லை. மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கையே கூப்பிட்டாள்.

"எழுதிட்ட, அதானே?"

"முடிவு மட்டும் வரலடி. எந்த ஜோடியை வெச்சுக்கிட்டீங்க?"

"ரெண்டாவது. இஸ்திரி மேசை இப்ப பெட்ரூம்ல கெடக்கு."

அவள் பேச்சை நிறுத்தியதும் பின்னாலிருந்து அடிநாதம் மெல்ல நடந்து வந்தது.*

"ஏய், அது ஸ்பீக்கரா, கிட்டாரா?"

சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "உனக்குத்தான் ரெண்டு காதும் நல்லாருக்கே. நீயே கேளு" என்று போனை எங்கோ வைத்துவிட்டாள்.

கேட்டேன். ஒரு சுரத்தில் கொஞ்சம் தயங்கியது. பிறகு மேலே போனது.

போனை உங்கள் பக்கம் திருப்புகிறேன். ஸ்பீக்கரா, கிட்டாரா? அவசரமில்லை, நன்றாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒண்ணா... ரெண்டா?

* போனில் அடிநாதம் சரியாகக் கேட்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்குக் கேட்டது.