யாருடைய நாலு மணி

"தம்பி நாலுன்னான். அப்ப நமக்கு அஞ்சு," என்றாள் குக்கா, அம்மாவின் கால்களைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டே.

"நாலுன்னா நாலுதானேடி?"

"அவங்க நாலு நமக்கு அஞ்சும்மா. எத்தனை தடவை சொல்றது?"

அந்தக் குளிர்காலத்தில் ஹுவாரஸ் ஊரே கடிகாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம் நேரத்தை மாற்றியதில், எல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் மெக்சிகோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்தப் பக்கம் அமெரிக்கா பழையபடியே கிடந்தது. பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு நேரமும் அடுப்படியில் ஒரு நேரமுமாக வாழ்ந்தார்கள். சுவரோரம் போனால் கைபேசிகூட அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும்.

குக்காவின் அம்மா எஸ்தோலியாவுக்கு நுரையீரல் போய்விட்டது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். மகன் அபுந்தியோ எல்லை தாண்டிப் போன நாளில் அம்மாவை எழுப்ப மனமில்லாமல், நெற்றியில் சிலுவை வாங்காமலேயே கிளம்பிப் போனவன். அந்தச் சிலுவையைத் தன் விரலால் போட்டுவிட்டுத்தான் சாக வேண்டும்.

"போன்லயே ஆசீர்வாதம் பண்ணிடும்மா" என்றால், "அது போன் கம்பெனிக்காரனுக்குத்தான் போய்ச் சேரும்" என்பாள்.

அமெரிக்காவில் இருக்க அவனிடம் காகிதம் கிடையாது. இங்கே ஒருமுறை வந்தால் திரும்பிப் போக முடியாது; அந்தப் பக்கம் மனைவி நொரேலியாவும் இரண்டு பெண்குழந்தைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் ஊரோரம் அனாப்ரா பக்கம், சுவர் கம்பி வலையாக இருக்கும் இடம். ரோந்து வண்டி மறுகோடிக்குப் போகும் கொஞ்ச நேரத்தில் வந்து நின்றுவிட்டு ஓடிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு செவேரோ வண்டியைக் கொண்டுவந்தான்.

"ஏறுங்க மகாராணி!"

"மகாராணி உன் வண்டியில ஏறுவாளாடா? கோழி நாத்தம் குடலைப் புடுங்குது."

வழியெல்லாம் இருமல். சுவரை நெருங்கும்போது குக்காவின் கைபேசி அஞ்சிலிருந்து பின்னால் குதித்து நாலு காட்டியது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

கம்பி வலைக்கு அப்பால் ரோந்து வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் அபுந்தியோ. கைகள் பின்னால் விலங்கில்.

"அக்கா! எங்கக்கா போயிட்டீங்க? நாலு மணின்னேனே!"

"இப்பத்தானடா நாலு!"

"நான் சொன்னது உங்க நாலுக்கா! நீ குழம்பிடக் கூடாதுன்னு நானே கணக்குப் போட்டு உங்க நேரத்தைச் சொன்னேன்."

அவன் சொன்னது அந்தப் பக்கத்து நாலு என்று குக்காவும் அல்லவா கணக்குப் போட்டிருந்தாள்!

"நாங்க வரலைன்னா நீ போயிருக்க வேண்டியதுதானே, பாவி!"

"அம்மா வந்து ஏமாந்துடுவாங்கன்னு..."

"போதும், ஏறு" என்றார் ரோந்துக் காவலர், நல்ல ஸ்பானிஷில்.

குக்கா வலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உங்க சட்டையில ஒலிவாஸ்னு நம்ம ஊர்ப் பேரு போட்டிருக்கு. உங்க அம்மாவும் உங்க நெத்தியில சிலுவை போட்டுத்தானே அனுப்பியிருப்பாங்க?"

"எங்கம்மாவை இதுல இழுக்காதீங்க." அவர் வேறெங்கோ பார்த்தார். பிறகு அவனைத் தோளைப் பிடித்து வலைக்கு நகர்த்தினார். "சீக்கிரம்."

அபுந்தியோ குனிந்து நெற்றியை வலையில் அழுத்தினான். எஸ்தோலியாவின் கட்டைவிரல் ஓட்டையில் நுழையவில்லை. சுண்டுவிரலும் முதல் கணுவரைதான் போயிற்று. அந்த நுனியால் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று கோடு இழுத்தாள். வாய் முணுமுணுத்தது, பாதி இருமலில் கரைந்தது.

"கையை ஏண்டா பின்னால கட்டியிருக்க?" என்றவள், விலங்கைப் பார்த்துவிட்டாள். "ஐயா, இவனை எங்க கொண்டுபோறீங்க?"

"உள்ளே வைப்பாங்கம்மா. கேஸ் முடிஞ்சதும் மெக்சிகோவுக்கு அனுப்பிடுவாங்க."

"மெக்சிகோவுக்கா? வீட்டுக்கா?"

அந்தச் சுருங்கிய முகம் மலர்ந்ததைக் குக்காவால் பார்க்க முடியவில்லை.

"கேட்டியாடி! என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புறாங்களாம்!"

அபுந்தியோ அக்காவைப் பார்த்துக் குரலை இறக்கினான். "நொரேலியாகிட்ட சொல்லிடுக்கா. யார் தட்டினாலும் கதவைத் திறக்க வேணாம்னு சொல்லு. சின்னவளுக்கு நான் இல்லாம தூக்கம் வராது..." அம்மாவிடம் திரும்பினான். "ஆமாம்மா. வந்துடறேன்."

"மொச்சை ஊற வைக்கிறேன்டா. மிளகாய் தூக்கலா."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. குக்கா தள்ளி நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே நொரேலியா எடுத்தாள்.

"என்ன அண்ணி, அத்தை சிலுவை போட்டுட்டாங்களா?" குரலில் சிரிப்பு. பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"போட்டுட்டாங்கம்மா" என்றாள் குக்கா.

"அப்ப கிளம்பிட்டாரா?"

அவளுக்குப் பின்னால் எஸ்தோலியா, மொச்சை வாங்க வழியில் மளிகைக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி செவேரோவை அதட்டிக்கொண்டிருந்தாள்.