பைக்கில் வந்த ரத்தம்

நம் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதியைக் கட்டி அனுப்பக் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் உண்டு. இதயத்துக்குக் கோளாறு வந்தால் ரத்தத்தில் இந்தப் பைகள் பெருகும். அவற்றை எண்ணுவதுதான் என் பிழைப்பு. புது மெஷின் வந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமென்று வீட்டிலேயே கை வைத்தேன். நர்ஸான அம்மா, அப்பாவிடம் ரத்தம் எடுத்து, தம்பியிடம் குழாயை என் லேபுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மெஷின் காட்டிய எண்ணிக்கையை இரண்டு தடவை பார்த்தேன். நோயாளிகளுக்கு இருப்பதைவிட அதிகம்! அன்றே அப்பாவை இதய டாக்டரிடம் இழுத்துப்போனேன். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் நார்மல். நான் கேட்பேனா? அப்பாவின் ஷட்டில் மட்டையைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். மனுஷர் சண்டைகூடப் போடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பைகள் எங்கிருந்து வந்தன என்று சாயம் ஏற்றிப் பார்த்தேன். இதயம் விட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலை. குழாயைக் குலுக்கினால் போதும், அவை பைகளைக் கொட்டித் தீர்த்துவிடும். தம்பிக்கு போன் போட்டேன்.

"டேய், அந்தக் குழாயை எப்படிடா கொண்டுவந்தே?"

"பேன்ட் பாக்கெட்லதான்க்கா. ரோடு பூரா குண்டும் குழியும். இருந்தாலும் பைக்ல பறந்து வந்தேன்ல!"

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ரத்தத்துக்கு ஆயிரம் விதி போடுகிறவள், வீட்டு ரத்தம் என்றதும் கோட்டை விட்டிருக்கிறேன்.

மறுபடி அப்பாவை லேபுக்கே வரவழைத்து, பக்கத்து அறையில் ரத்தம் எடுத்தோம். குழாயைத் தானே கொண்டுவருவதாக அடம்பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்து, அடிமேல் அடி வைத்து வந்தார்.

"நீ பொறந்தப்போ உன்னைக்கூட இவ்வளவு பயந்து தூக்கலம்மா."

எண்ணிக்கை மளமளவென்று நார்மலுக்கு இறங்கியிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

வாசலில் தம்பி பைக்கோடு நின்றான். "ஏறுங்கப்பா."

"போடா! ஒரு குழாய் ரத்தத்துக்கே அந்தக் கதி. எனக்கு உடம்பு பூரா ரத்தம். நான் நடந்தே போறேன்."

நான் பீரோ சாவியை நீட்டினேன். அப்பா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி பைக்கின் பின்சீட்டில் இருந்தார்.

"வேகமா விடுடா, ஆட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க!"