கணக்கு டீச்சர் காரின் பின்விளக்குகள்

கணக்கு டீச்சரின் பழைய காருக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் போனவர்கள் யாரும் கிளம்பிய காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. இந்த ஜென்மத்தில் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று யார் வீட்டைச் சொல்லியிருந்தார்களோ, அந்த வீட்டு வாசலில்தான் போய் நின்றார்கள். முதலில் மாட்டியவர் பால் வண்டிக்காரர். சிக்னலில் அந்தக் காரின் சிவப்பு விளக்குகளுக்குப் பின்னால் நின்றார், பச்சை விழுந்ததும் நகர்ந்தார், ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமனார் வீட்டுக்கு முன்னால் பிரேக் போட்டார். எந்தத் தெருவில் திரும்பினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மாமனாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பாக்கெட் பாலை வாங்கிக்கொண்டு மருமகனை உள்ளே வரச் சொன்னார். அடுத்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் அதன் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன், தம்பி வீட்டு வாசலிலும் தம்பி, அண்ணன் வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் போய் நின்று, ஆளில்லாத கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். அதற்கப்புறம் ஒரு பேருந்து. நாற்பத்திரண்டு பேர் நாற்பத்திரண்டு வாசல்களில் இறங்கினார்கள். தான் ஒரே ஒரு நிறுத்தத்தில்தான் நிறுத்தினேன் என்று ஓட்டுநர் கடைசிவரை சாதித்தார்.

இதெல்லாம் ஊருக்குப் பழகிப் போயிற்று. கோபம் தணியக் கூடாது என்று நினைத்தவர்கள் அந்தக் காரைக் கண்டால் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டார்கள். தணிந்தால் தேவலை, ஆனால் தானாகப் போனதாக இருக்கக் கூடாது என்று நினைத்தவர்கள், தற்செயலாக மாட்டிக்கொண்டதுபோல் அதன் பின்னால் போய் நின்றார்கள். அவர்கள்தான் அதிகம்.

இதில் பலன் கிடைக்காத ஒரே ஆள் டீச்சர்தான். தன் காருக்குப் பின்னால் தானே போக யாரால் முடியும்? போக வேண்டிய வீடு ஒன்று அவருக்கும் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகனின் பரீட்சைத் தாளைத் திருத்தியவர் அவர்தான். தேறுவதற்கு இரண்டு மார்க் குறைந்தது. அக்கா வந்து உட்கார்ந்து கேட்டார். டீச்சர் தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தார். இரண்டு குறைவாகத்தான் இருந்தது. பையன் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தான். அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு போனார், புது முகவரியைத் தங்கைக்குச் சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு. டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. விசாரித்துக்கொண்டு போய் நிற்க மாட்டேன் என்று அவரும் ஒரு சபதம் போட்டார். ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு, இரண்டு பேருக்கும் சரிபாதி. அந்தச் சபதத்தை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்ட நாட்களை மட்டும் கணக்கு டீச்சர் எண்ணவில்லை.

சபதம் போட்ட பதினோராவது வருஷம், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் அதிகாரி காரைச் சுற்றி வந்து பின்னால் நின்றார். பின்விளக்கின் சிவப்பு மூடிகள் இரண்டும் வெயிலில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன. இடது பக்கத்தில் விரிசல் வேறு. புதிதாக மாற்றிக்கொண்டு நாளைக்கு வந்தால் முத்திரை, இல்லாவிட்டால் வண்டி சாலையில் இறங்கக் கூடாது என்றார். டீச்சர் வாதாடவில்லை. விதி என்றால் விதி, அவரே அப்படிப்பட்டவர்தானே.

கார் எலக்ட்ரீஷியன் விளக்கைப் போடச் சொல்லி, எரிவதைப் பார்த்துவிட்டு, நான்கு திருகாணிகளைக் கழற்றி இடது மூடியை எடுத்தார். உள்ளே கொஞ்சம் மழைத்தண்ணீரும் செத்த எறும்புகளும் இருந்தன. அவர் விரலை விட்டுத் துழாவினார்.

"டீச்சர், இதுல பல்பே இல்ல" என்றார்.

பல்பு மாட்டும் இடம் துருவேறிக் காலியாக இருந்தது. ஒயரை எலி எப்போதோ தின்று முடித்திருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், மின்சாரம் துளியும் இல்லை. ஆனாலும் அந்தக் காலிக் குழிக்குள் சிவப்பு வெளிச்சம் நிறைந்து நின்றது, மூடி இல்லாமலே சிவப்பாக. அவருடைய கிரீஸ் படிந்த விரல்களின் மேல் அது விழுந்தது, சூடு இல்லை. வலது பக்கமும் அப்படியே. இருபத்திரண்டு வருஷமாக விளக்குகளைப் பிரித்துப் பார்த்த மனுஷன், காரணம் தெரியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். டீச்சரும் குனிந்து பார்த்தார். தான் இத்தனை வருஷம் ஊருக்குக் காட்டிக்கொண்டு போனதை முதல் முறையாகக் கிட்டத்தில் பார்க்கிறார்.

"நாளைக்குக் காலையில மாத்தினாப் போதும்ல தம்பி?"

"போதும்."

"அப்ப இப்ப நீங்க ஓட்டுங்க. நான் பின்னால நடந்து வரேன்."

எங்கே போக வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அது தெரிந்தால் இவ்வளவும் எதற்கு?

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, மாலை நாலு மணிக்கு எலக்ட்ரீஷியன் காரை முதல் கியரிலேயே உருட்டினார். பத்தடி பின்னால் டீச்சர், கைப்பையும் குடையுமாக. விளக்கை நாளைக்கு மாற்றப் போகிறார்கள் என்ற சேதி அதற்குள் பரவியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். முடிதிருத்துபவரும், பாதி சவரத்தில் எழுந்து வந்த அவருடைய வாடிக்கையாளரும் சேர்ந்தார்கள். தகுதிச் சான்று அதிகாரியே ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கூட்டத்தில் நடந்தார். அத்தனை பேர் முகத்திலும் அந்தச் சிவப்பு பட்டபோது, அத்தனை பேரும் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். டீச்சருக்கு மட்டும் பயம். கணக்கென்றால் விடையைச் சரிபார்க்கலாம். கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது?

மார்க்கெட்டை மூன்று முறை சுற்றி வந்ததைத் தவிர தான் எங்கேயும் போகவில்லை என்று எலக்ட்ரீஷியன் பிற்பாடு சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணாடியில் ஆட்கள் குறைந்தார்கள்; யாரும் விலகிப் போனதை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் சுற்றில் டீச்சரும் இல்லை.

டீச்சர் கண்டது வேறு. கார் ஒரு தெருவுக்குள் திரும்பியது, அவரும் திரும்பினார், அங்கே கார் இல்லை. மாடி வீடு ஒன்று இருந்தது. தெருவை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு அது. பதினோரு வருஷமாக அதன் முனையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"ரெண்டு மார்க்குக்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்த?"

"அந்த ரெண்டு மார்க் இப்பவும் கிடையாதுக்கா. நான் உன்னப் பாக்க வந்தேன்."

அக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகை வந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அங்கே இரண்டுமே ஆடின. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்து, நடந்து வீங்கிய கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பாதத்தைப் பிடித்துவிட்டபடியே சொன்னார்:

"தினமும் ஆறு மணிக்கு மாடி ஜன்னல்ல நிப்பேன். உன் வண்டி போகும். அந்தச் சிவப்பு மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். இப்பவாவது திரும்பி வர மாட்டாளான்னு இருக்கும்."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்ல சும்மா நிப்பேன்."

பதினோரு வருஷத்தை நாட்களால் பெருக்க முயன்று, கணக்கு டீச்சருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பெருக்கல் வரவில்லை.

பட்டறையில் காரை நிறுத்திவிட்டு, விளக்கை அணைக்க மனசு வராமல் எலக்ட்ரீஷியன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரியாக ஆறு மணிக்கு அந்தச் சிவப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வெளுத்து, மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. அந்த நேரத்தில் அக்கா மாடி ஏறியிருக்கவில்லை. கீழே உட்கார்ந்து தங்கையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, திருகாணிகளைக் கழற்றி, புது விளக்குகளைப் பொருத்தினார், இந்த முறை பல்பு போட்டு.