வீட்டுக்கொரு முழம்

மின்சாரம் நின்றதும் தெருவிலிருந்த விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாயடைத்தன. அந்த நண்பகல் அமைதிக்குள் தேவாலய மணி ஒரே ஒருமுறை அடித்தது. மகள் இனியாவின் மாற்றுடையைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்த ஞானசௌந்தரியின் கை அப்படியே நின்றுவிட்டது. பெரியவர்கள் இறந்தால் மணி விட்டு விட்டு நெடுநேரம் ஒலிக்கும். ஒற்றை மணி, குழந்தைக்கு உரியது.

சபையில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒற்றை மணி கேட்டதும் வீட்டுக்கொரு முழம் வெள்ளைத் துணியோடு பெண்கள் புறப்படுவார்கள். பட்டு நெய்யும் ஊரில் பருத்திக் கந்தலுக்கும் வழியற்றுக் கிடந்த நாளில் முன்னோர் வகுத்தது அது. அத்தனை துண்டுகளையும் இணைத்துத் தைத்த போர்வையில்தான் குழந்தை மண்ணுக்குள் போகும். எந்தப் பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளை அல்ல, சபையின் பிள்ளை. தைக்க வேண்டியவள் பெண்கள் சங்கத்தின் தலைவி; துணி வந்து சேர்வதும் அவள் வீட்டுக்குத்தான். பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பு ஞானசௌந்தரியிடம் இருந்தது. உயிரைத் தந்த கர்த்தருக்கே அதை எடுக்கும் உரிமை உண்டு என்று அவள் சங்கத்தில் பேசும்போது ஓர் இருமல்கூடக் கேட்காது. சென்ற லெந்து நோன்பு நாட்களில், கருவைக் கலைத்துவிட்டு வந்த ஒருத்தியைத் திருவிருந்துக்கு நின்ற வரிசையிலிருந்து விலக்கி அனுப்பியவளும் அவளே.

அன்று பிற்பகல் ஆட்டோ வரவிருந்தது. இனியாவுக்கு மணமாகவில்லை, வயிற்றில் மூன்று மாதம். அவள் வேலை பார்த்த பட்டுக்கடை முதலாளியின் மகன் கிரண், பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். வெளியூரில் ஒரு நர்சிங் ஹோமில் பேசி முடித்தாயிற்று. இனியா மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "அது இன்னாம்மா பண்ணுச்சு?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அப்போது அடுப்புமேடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி, துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தவள் பக்கத்துத் தெருச் சின்னம்மாள். முழத்துணியைக் கூடத்தில் விரித்திருந்த பாயில் வைத்தாள்.

"ஸ்தோத்திரம்க்கா. எந்த வூட்டுக் கொழந்த?"

"தெரியலியே."

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குக்கா தெரியும்?"

அடுத்து தனக்கோடி வந்தாள்; அவள் பின்னால் இன்னும் சிலர். பாயில் துணி குவிந்தது. மணியடிக்கும் தருமன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நான் அடிக்கலம்மா. மணிக்கூண்டு பூட்டிகினுதான் கீது, சாவி என் இடுப்புல கீது. சாப்ட்டுகினு இருந்தேன். பாருங்க, கைகூட கழுவல."

"அப்ப எலி இழுத்துச்சா?" என்றாள் தனக்கோடி. "ஒன்ன வுட எலிக்குப் பொறுப்பு ஜாஸ்தி போல."

யாரோ ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் துணை வரவில்லை.

"காத்தா இருக்கும்," என்றாள் ஞானசௌந்தரி. வாசல் வேம்பில் ஓர் இலையும் அசையவில்லை.

சபையின் கைக்குழந்தைகளை ஒவ்வொரு வீடாக நினைவுகூர்ந்தார்கள். எல்லாம் நலமாக இருந்தன. பெரணமல்லூருக்குப் பிரசவத்துக்குப் போன பெண்ணின் பிள்ளையையும் பூத்திலிருந்து போன் போட்டு விசாரித்தாயிற்று. விரல் மடக்கிக்கொண்டே வந்த தனக்கோடி, "இனிமே வயித்துல இருக்கறதுதான்க்கா பாக்கி," என்று வெகு இயல்பாகச் சொன்னாள்.

ஞானசௌந்தரி துணிக்குவியலை அவர்கள் பக்கம் தள்ளினாள். "செத்தது யாருமில்ல. அவங்கவங்க துணிய எடுத்துகினு கெளம்புங்க."

"நீயே இப்டிச் சொன்னா எப்டிக்கா?" சின்னம்மாள் நகரவில்லை. "வெச்ச துணி திரும்பி வூட்டுக்குப் போவக்கூடாதுன்னு எங்களுக்குச் சொன்னதே நீதானே? தச்சி வையி. யாருக்குன்னு தானாத் தெரியும்."

ஞானசௌந்தரி ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு துண்டுகளை இணைத்தாள். பழகிய கை; ஆனால் தையல் கோணியது. பிரித்து மறுபடியும் தைத்தாள், மறுபடியும் கோணியது. விரலுக்கடியில் துணி வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ மடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் போல.

உள்ளறைக் கதவு திறந்தது. இனியா வந்து பாயின் ஓரத்தில் அமர்ந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தாயை நிமிர்ந்து நோக்கினாள்.

"நம்ம வூட்டுத் துணி வெக்கலியேம்மா."

சின்னம்மாளின் பார்வை இனியாவின் முகத்திலிருந்து மெல்லக் கீழிறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. தெருமுனையில் ஆட்டோவின் ஓசை கேட்டது. அது வாசலில் வந்து நின்று இரண்டுமுறை ஹாரன் அடித்தது. ஞானசௌந்தரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழப்போனாள்.

தனக்கோடிதான் முதலில் கண்டாள். கண்டவள் துணிமேலிருந்த தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், குவிந்து கிடந்த வெள்ளைத் துணியின் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது, சற்றே தயங்கித் தாழ்ந்தது, மீண்டும் உயர்ந்தது. இனியா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கையும் அதனோடு உயர்ந்தது.