கால்வாயில் போட்ட டப்பா

திருட்டு மெஷின்களைத் தெரிந்தே வாங்கினான் என்று என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் இருபத்திரண்டு நாளாகியிருந்தது. அவன் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். வீட்டு முன்னறைதான் கடை. பின்னறையில் நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். "கொஞ்ச நேரம் தட்டாம இருக்க மாட்டியாடா" என்று நாளைக்குப் பத்துத் தடவை அவனிடம் கத்தியவள் நான். இப்போது முன்னறை வெறிச்சென்று கிடந்தது. பாழாய்ப்போன அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

இலவச சட்ட உதவி அறை நீதிமன்றத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வக்கீலம்மா என்னைவிட வயதில் சின்னவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். "நெத்தியில இருக்கும்மா" என்றேன். அதிலேயே எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

"திருட்டுப் பொருள்னு தெரிஞ்சுதான் வாங்கினார்னு போலீஸ்தான் நிரூபிக்கணும்" என்றார். "அவங்க கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நாலு மெஷின்லயும் நம்பர் தகடு இல்ல. அடையாளத்தை அழிச்சுட்டார்ங்கிறாங்க. உங்க தம்பியைக் கேட்டா, தகட்டை எங்க வச்சேன்னு ஞாபகம் இல்லங்கிறார்."

எந்தப் பழைய மெஷின் வந்தாலும் தம்பி முதலில் பித்தளைத் தகட்டைத்தான் கழற்றுவான். துருப் போக மெஷினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் தகட்டு எண் மங்கிப்போகுமாம். யார் கொண்டுவந்தது, என்றைக்கு என்று அதன் முதுகில் ஆணியால் கீறி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பின்னறை அலமாரியில் வைப்பான். மெஷினுக்குப் பெயிண்ட் அடித்துக் காய்ந்ததும் தகட்டைத் திரும்ப மாட்டுவான். இந்த நாலு மெஷினும் ஒரு தரகன் கொண்டுவந்து விற்றவை. பூட்டிக் கிடந்த ஒரு துணி ஆலையில் அவன் திருடியவை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

போலீஸ் வாசலில் நின்றபோது என் மூளை ஓடவில்லை, கை மட்டும் ஓடியது. கழற்றிய தகட்டைப் பார்த்தால் தம்பி மாட்டிக்கொள்வான் என்று நினைத்து, டப்பாவைப் பின்வாசல் வழியாகக் கால்வாயில் வீசினேன். முந்திரிக்கொட்டை. அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை நானே மூழ்கடித்துவிட்டேன். நான் வீசியதை அவன் பார்த்துவிட்டான். அதனால்தான் அவனுக்கு ஞாபகம் இல்லை.

எல்லாவற்றையும் வக்கீலம்மாவிடம் கொட்டினேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"இதைக் கோர்ட்ல சொன்னா, ஆதாரத்தை மறைச்சீங்கன்னு உங்க மேலயே கேஸ் வரலாம்."

"வரட்டும்."

சிறையில் தம்பி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாயை மூடிக்கிட்டு சும்மா இரு. நீ உள்ள வந்துட்டா நான் யாருக்காக வெளிய வரணும்?"

"உன்கிட்ட யோசனை கேக்க வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நாங்கள் பாசம் காட்டுகிற லட்சணம் அப்படி. வீட்டுக்கு வந்துடுடா என்று சொல்லியிருக்கலாம்.

டப்பாவை வீசியதைக் கோர்ட்டில் சொன்னேன். நீதிபதி உத்தரவின்படி கால்வாயில் இறங்கித் துழாவியவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். சேற்றைக் கழுவியதும் நாலு தகடும், அவற்றின் முதுகில் தரகன் பேரும் தேதியும் தெரிந்தன. நீதிபதி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தவன் கொண்டுவந்தவன் பேரை எழுதிவைப்பானா என்று வக்கீலம்மா கேட்டார். ஜாமீன் கிடைத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே அரசு வக்கீல் எழுந்தார். நான் இப்போது வழக்கில் சாட்சியாம். நானும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால் பேசிவைத்துக்கொண்டு சொல்வோமாம். நீதிபதி அதையும் ஏற்றுக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை தம்பி வேறு இடத்தில் தங்க வேண்டும். நேரிலோ, போனிலோ, ஆள் மூலமாகவோ என்னோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. மீறினால் மறுபடியும் உள்ளே போக வேண்டியதுதான்.

"எவ்வளவு நாளும்மா?" என்று வக்கீலம்மாவைக் கேட்டேன்.

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

உள்ளே இருந்தபோதாவது வாரத்துக்கு ஒரு தடவை வலைக்குப் பின்னால் நின்று பேசினான். வெளியே கொண்டுவந்து அதையும் கெடுத்துக்கொண்டேன்.

மாலையில் கோர்ட் தாழ்வாரத்தில் அவனை விட்டார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு எட்டு வேகமாக வந்தான். வக்கீலம்மா குறுக்கே போனார். அவன் நின்றான். பிறகு அவரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"மேடம், அக்கா மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லிடுங்க."

"அதைக்கூட நான் சொல்லக்கூடாதுப்பா" என்றார்.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அரசு வக்கீலின் குமாஸ்தா படிக்கட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தம்பியின் தலையைக் கோதிவிட வேண்டும் போலிருந்தது. காது கேளாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கடந்து படியிறங்கினேன்.